சோர்ந்துபோன மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒன்றரை நாள் தியானம்: பங்கேற்ற ஒருவரின் மதிப்பீடு

கடந்த ஆடி மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு ஆகிய இரு நாள்களில், குமரி மாவட்டத்தின் மலையடிவாரத்தில் உள்ள ஒரு தியான இல்லத்தில், கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஊர்க் கோயில் சமூகங்களில், ஊதியமின்றிப் பணிசெய்யும் மறைக்கல்வி ஆசிரியர்கள் (பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவ நம்பிக்கையையும் செபங்களையும் கற்பிப்பவர்கள்), பாடகர் குழுவினர், அன்பியப் பொறுப்பாளர்கள் (பங்குக்குள் இருக்கும் சிறு குடும்பக் குழுக்களை நடத்துபவர்கள்) ஆகியோருக்கென நடத்தப்பட்ட தியானத்தில் கலந்துகொண்டேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி ஞாயிறு நண்பகல் உணவோடு முடிந்தது. கட்டணம் ஆளுக்கு 750 ரூபாய். நான்கு வேளை உணவும், ஓர் இரவுத் தங்கலும், ஞாயிறு காலைப் பேருந்துப் பயணமும் அதற்குள் அடக்கம். கோட்டாறு, குழித்துறை ஆகிய இரு மறைமாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ அறுபது பேர் வந்திருந்தோம். அவர்களுள் நாற்பது பேருக்கு மேல் பெண்கள்.

இல்லத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. குறைகளையும் எழுதப்போகிறேன், அவற்றுள் சில அந்த இல்லத்துக்கு மட்டும் உரியவையும் அல்ல. இத்தகைய தியானங்கள் எங்கே, எப்போது நடக்கின்றன என்பதை அவரவர் பங்குத்தந்தையிடம் கேட்டாலே தெரிந்துகொள்ளலாம்.

நான் சென்ற காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளாக எங்கள் பங்கில் ஒன்பதாம் வகுப்புக்கு மறைக்கல்வி நடத்துகிறேன். ஞாயிறு காலை ஏழு மணித் திருப்பலி முடிந்ததும் கோயிலை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையில் ஒரு மணி நேரம் வகுப்பு. ஜூன் மாதம் வகுப்புத் தொடங்கியபோது பதிவேட்டில் 27 பெயர்களை எழுதினேன். ஜூலை முதல் ஞாயிறன்று கொட்டகையில் அமர்ந்திருந்தவர்கள் எட்டுப் பேர். மற்றவர்களுள் பாதிப் பேர் நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கும், மீதிப் பேர் கால்பந்துத் திடலுக்கும் போயிருந்தார்கள். வழியில் பார்த்த ஒரு தாயிடம் விசாரித்தபோது, "சாரே, பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமையாக்கும் கோச்சிங்கு. கோயிலுக்குப் பெறகும் வரலாம்லா" என்று அவர் இயல்பாகச் சொன்னார். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வராததுதான் என்னைக் கலங்கச் செய்தது. பத்து ஆண்டுகளுக்கு முன்பாக இருந்தால், அன்று மாலையே அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருப்பேன்.

அன்றிரவு, என்னால் இனி இயலவில்லை, வேறொருவரை நியமித்துக்கொள்ளவும் என்று பங்குத்தந்தைக்கு நான்கு வரிக் கடிதம் ஒன்றை எழுதி, வருகைப் பதிவேட்டுக்குள் மடித்து வைத்தேன். அடுத்த ஞாயிறு அதைக் கொடுக்கப் போனபோது, திருப்பலி இறுதி அறிவிப்பில் இந்தத் தியானத்தைப் பற்றிச் சொன்னார்கள். கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் ஒன்றரை நாள் ஓய்வாவது கிடைக்கட்டும் என்றுதான் பெயரைக் கொடுத்தேன். வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் இல்லை. பதிவுசெய்தவர்களுக்கு வந்த குறுஞ்செய்தியில், விவிலியம், போர்வை ஆகியவற்றோடு, மறைக்கல்வி ஆசிரியர்கள் தங்கள் வருகைப் பதிவேட்டையும் கொண்டுவர வேண்டும் என்று இருந்தது. எதற்கென்று விளங்கவில்லை.

முதல் அமர்வைப் பற்றி நல்லதாக எழுத எனக்கு ஒன்றும் இல்லை. நிறுவனங்களுக்குச் சென்று ஊழியர்களுக்கு ஊக்க உரை ஆற்றும் பயிற்சியாளர் ஒருவரை அழைத்திருந்தார்கள். திரையில் கழுகு பறந்தது, எறும்பு மலையேறியது. எங்களை எழுந்து நிற்கச் செய்து, அருகில் இருப்பவரின் தோளைத் தட்டி, "என்னால் முடியும்" என்று மூன்று முறை உரக்கச் சொல்லச் சொன்னார். எனக்கு அருகில் நின்றவர் கடற்கரைப் பங்கு ஒன்றிலிருந்து வந்திருந்த, எழுபதை நெருங்கும் உபதேசியார் (கோயில் காரியங்களில் உதவுபவர்). அவர் என் தோளைத் தட்டாமல், மெல்லிய குரலில், "முடியல்ல தம்பி, அதுக்குத்தானே இங்க வந்தோம்" என்றார். ஒன்றரை மணி நேரத்தில் அந்த அரங்கில் சொல்லப்பட்ட உண்மையான சொல் அதுவாகத்தான் இருந்தது.

பயிற்சியாளர் திறமையற்றவர் அல்லர். விற்பனைப் பிரிவினருக்கு அவர் உரை பயன்படக்கூடும். ஆனால், இலக்கு, எண்ணிக்கை, பரிசு என்று அங்கே ஓடும் கணக்கு இங்கே ஓடாது. என் மாணவர்களுள் யார் இருபது ஆண்டுக்குப் பிறகு துன்பத்தில் ஒரு செபத்தை நினைவுகூர்வார் என்பது எனக்குத் தெரியப்போவதில்லை. பலனைக் காண முடியாத வேலைக்கு, பலனைக் காட்டி ஊக்கம் தருவது எப்படி? எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அய்யாவழி மக்களின் வழிபாட்டிடமான நிழல்தாங்கல் ஒன்று உண்டு. அங்கே விடியற்காலையிலும் மாலையிலும் பணிவிடை செய்யும் முதியவர் ஒருவரிடம், இத்தனை ஆண்டு சலிக்காமல் எப்படிச் செய்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "விளக்கு ஏத்துகதுக்கு உற்சாகம் என்னத்துக்கு? எண்ணெ இருந்தா போதும்லா" என்று அவர் சிரித்தார். அந்த அரங்கில் கைதட்டிக்கொண்டு நின்றபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

தேநீருக்குப் பின் பேசிய வயது முதிர்ந்த அருட்பணியாளர் தியானத்தின் போக்கையே மாற்றினார். அவரிடம் திரை இல்லை, ஒலிவாங்கியையும் விலக்கி வைத்துவிட்டார். கையில் இருந்தவை புனித பிரான்சிஸ் சவேரியாரின் கடிதங்களிலிருந்து எடுத்த குறிப்புகள் மட்டுமே. கோட்டாற்றுச் சவேரியார் பேராலயத்துக்கு ஆண்டுதோறும் போகும் நாங்கள், அவரைப் புதுமைகள் (அற்புதங்கள்) செய்தவராகவும் திருவிழாவுக்கு உரியவராகவும் அறிந்திருக்கிறோமே தவிர, மறைக்கல்வி ஆசிரியராக அறியவில்லை என்று அவர் தொடங்கினார்.

சவேரியார் 1542-இல் இந்தியாவுக்கு வந்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துகீசியமும் அறிந்தவர்களைக் கூட்டிவைத்து, செபங்களை மொழிபெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களையும் பெரியவர்களையும் அழைத்து, நாளுக்கு இரு வேளை கற்பித்தார். கற்ற பிள்ளைகளையே தங்கள் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பிக்கும்படி அனுப்பினார். 1544 தொடக்கத்தில் கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதிய கடிதத்தில், திருமுழுக்குக் (ஞானஸ்நானம்) கொடுத்துக் கொடுத்துக் கைகள் ஓய்ந்துவிடுவதையும், செபங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் குரல் போய்விடுவதையும் அவரே சொல்கிறார். அதே ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில், அதாவது நம் மாவட்டத்துக் கடலோர ஊர்களில், ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாகப் பின்னர் எழுதினார்.

இதுவரை நாங்களும் கேட்டிருந்த செய்திதான். அதற்குப் பின் அருட்பணியாளர் எடுத்துச் சொன்னதுதான் புதிது. சவேரியார் ஓர் ஊரில் நெடுநாள் தங்கவில்லை. அவர் போன பிறகு அந்தப் பத்தாயிரம் பேரை யார் பார்த்துக்கொண்டார்கள்? ஊருக்கு ஊர் செபங்களை எழுதிக் கொடுத்து, காலையும் மாலையும் சொல்லிக்கொடுக்கும்படி ஆள்களை வைத்துவிட்டுச் சென்றார். கணக்கப்பிள்ளை என்று அழைக்கப்பட்ட இந்த உள்ளூர் மனிதர்களின் பெயர்கள் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களுக்கு ஊதியம் கொடுக்க வேண்டும் என்பதில் சவேரியார் பிடிவாதமாக இருந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து போர்த்துகல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த நாலாயிரம் பணத்தைக் கணக்கப்பிள்ளைகளுக்குத் திருப்பிவிடும்படி கேட்டுப் பெற்றார். இதைக் கேட்டதும் அரங்கில் சிரிப்பு எழுந்தது, "அந்தக் காலணிப் பணம் இப்ப எங்க போகுது சாமி?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்க, சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. அருட்பணியாளரும் சிரித்தார். பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்பது என் கருத்து. பத்து நாள் திருவிழாவின் வாணவேடிக்கைக்குத் தயங்காமல் வசூலிக்கும் பங்குகள், மறைக்கல்விக்குச் சுண்ணக்கட்டி வாங்க மூன்று முறை கேட்க வைக்கின்றன. தியானத்தில் யாரும் தொடாத பொருள் அது.

சவேரியாருக்கு மன்சிலாஸ் என்றோர் உதவியாளர் இருந்தார். ஊக்கம் குன்றியவர், மக்கள்மீது எளிதில் சலிப்புக் கொள்பவர். அவருக்கு 1544-இல் சவேரியார் அடிக்கடி கடிதம் எழுதி, பொறுமையை வற்புறுத்துகிறார். இறந்த பின் பாவக்கறை நீங்கத் துன்புறும் உத்தரிப்புத் தலத்தில் பட வேண்டியதை இங்கேயே பட்டுத் தீர்ப்பதாக எண்ணிக்கொள்ளும்படி ஓரிடத்தில் அறிவுரை சொல்கிறார். புனிதர் ஒருவர் இப்படி எழுதினார் என்பது எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. பணி இனிக்கும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. கசக்கும் என்பதை ஒப்புக்கொண்டு, கசப்போடே செய்யும் வழியைத்தான் சொல்லிக்கொடுத்தார்.

நண்பகல் உணவு சிவப்பரிசிக் கஞ்சி, சிறுபயறு, தேங்காய்ச் சம்மந்தி, சுட்ட அப்பளம், மாங்காய் ஊறுகாய். தியான நாளில் இதைவிடப் பொருத்தமான உணவு கிடையாது. கஞ்சி சூடாகவும், பயறு குழையாமலும், சம்மந்தியில் காய்ந்த மிளகாயின் சுட்ட மணத்தோடும் இருந்தன. இரவு உணவுக்கு அவித்த மரச்சீனியும் சாளை மீன் குழம்பும் வைத்தார்கள். சமையற்கட்டுப் பெண்கள் இருவரும் அதே ஊர்க்காரர்கள். அவர்களுக்கு மட்டும் தனியாக மதிப்பெண் கொடுக்கலாம் என்றால் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

கஞ்சிக்குப் பிறகு நிகழ்ச்சி நிரலில் ஒன்றரை மணி முதல் மூன்று மணி வரை 'உறக்கம்' என்று அச்சிட்டிருந்தார்கள். அச்சுப் பிழை என்று நினைத்தேன். இல்லை. நிகழ்ச்சியை ஒருங்கிணைத்த அருள்சகோதரி, எலியா இறைவாக்கினரின் கதையை இரண்டே நிமிடத்தில் சொன்னார். அரசி ஈசபேலுக்கு அஞ்சி ஓடிய எலியா, பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். வானதூதர் வந்து அவருக்கு அறிவுரை எதையும் சொல்லவில்லை; தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறார். எலியா உண்டு, மீண்டும் படுத்துக்கொள்கிறார். இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச் சொன்ன பிறகுதான் பயணத்தைப் பற்றிய பேச்சே வருகிறது. "கடவுள் தந்த மருந்தை முதல்ல சாப்பிடுவோம். போய்ப் படுங்க" என்று சொல்லிவிட்டு அவர் விளக்கை அணைத்தார்.

வந்திருந்த பெண்களுள் பலர், பிள்ளை பெற்ற பிறகு பகலில் உறங்கியது அன்றுதான் என்று பின்னர் சொன்னார்கள். சோர்வு என்று நாம் பெயரிட்டு, இறைநம்பிக்கைக் குறைவோ என்று அஞ்சுவதில் ஒரு பங்கு வெறும் தூக்கக் குறைவே. ரப்பர் பால்வெட்டுக்கு விடியற்காலை இருட்டில் எழுபவர், ஆறு நாள் வேலை பார்த்துவிட்டு ஏழாம் நாள் காலையில் வகுப்பு எடுக்கிறார் என்றால், அவருக்கு முதலில் தேவைப்படுவது மறையுரை அல்ல. இதைத் தெரிந்து நிரலில் இடம் ஒதுக்கியதற்காகவே இந்தத் தியானத்தை நான் பரிந்துரைப்பேன்.

மாலை நான்கு மணி அமர்வுக்கு மறைக்கல்வி ஆசிரியர்களைத் தனி அறைக்கு அழைத்தார்கள். அருள்சகோதரி முன்னுரை எதுவும் இல்லாமல், பதிவேட்டைத் திறக்காமல் மேசைமேல் கவிழ்த்து வைக்கச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அனைவரின் பெயர்களையும் நினைவிலிருந்து எழுதுங்கள், இருபது நிமிடம் என்றார்.

எளிது என்று நினைத்துத் தொடங்கினேன். முதல் பத்துப் பெயர்கள் வேகமாக வந்தன. பின்வரிசையில் அமர்ந்து காகித அம்பு விடுபவன், ஒவ்வொரு கேள்விக்கும் கையைத் தூக்குபவள், கோச்சிங் போய்விட்டவர்கள், கால்பந்து ஆடுபவர்கள் என்று எழுதிக்கொண்டே போனேன். பதினைந்தோடு பேனா நின்றது. பதினாறாவது பெயருக்காக ஓட்டின் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது. அறையில் எல்லாப் பேனாக்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நின்றுவிட்டதை, அந்த அமைதியிலிருந்து உணர முடிந்தது.

நேரம் முடிந்ததும் பதிவேட்டைத் திறந்து, விடுபட்ட பெயர்களுக்கு எதிரே வருகையைப் பார்க்கச் சொன்னார். எனக்கு விடுபட்டவை பன்னிரண்டு பெயர்கள். ஜூலை முதல் ஞாயிறு வந்திருந்த எட்டுப் பேரில் ஆறு பேர் அந்தப் பன்னிரண்டுக்குள் இருந்தார்கள். ஒரு ஞாயிறும் தவறாமல் வந்து, முன்வரிசையில் அமைதியாக உட்கார்ந்து, சொன்னதை எழுதிக்கொண்டு, ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போகும் பிள்ளைகளின் பெயர்கள் எனக்குத் தெரியவில்லை. வராதவர்களின் பெயர்களோ பெரும்பாலும் நன்றாகத் தெரிந்திருந்தன. ஒரு மாதமாக நான் இல்லாதவர்களுக்குத்தான் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

அருள்சகோதரி இதற்கு விளக்கம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கெட்டுப்போயிருக்கும். விடுபட்ட பெயர்களை மட்டும் இன்னொரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் அருகில் அந்தப் பிள்ளையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒன்றை எழுதுங்கள், தெரியாவிட்டால் இடத்தை விட்டுவிடுங்கள், வரும் வாரங்களில் நிரப்பலாம் என்றார். என்னிடம் வேறு தாள் இல்லை. பதிவேட்டுக்குள் மடித்திருந்த கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். பன்னிரண்டில் மூன்று பெயர்களுக்கு மட்டும் ஏதோ எழுத முடிந்தது. ஒருத்தியின் தந்தை குளச்சலில் விசைப்படகில் போகிறவர். ஒருவனுக்கு இடது காதில் கேள்விக்குறைவு. இன்னொருத்தி என் பழைய மாணவி ஒருவரின் மகள், அதுவே எனக்கு மிகவும் தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது.

பாடகர் குழுவினருக்கும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கும் அந்த நேரத்தில் தனி அமர்வு நடந்தது. அதில் கலந்துகொண்டவர்கள் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு எடுத்த முயற்சியில் பாதியையாவது அவர்களுக்கும் எடுத்திருக்கலாம்.

இரவு நற்கருணை ஆராதனையும் ஒப்புரவு அருட்சாதனமும் (பாவசங்கீர்த்தனம்) ஒழுங்காக நடந்தன. தங்குமிடம் சுமார்தான். எட்டுப் பேருக்கு ஓர் அறை, இரண்டு குளியலறை. காலை ஐந்தரைக்கு மேல் மேல்மாடியில் தண்ணீர் வரவில்லை. கொசுத் தொல்லை கடுமை. முழங்கால் வலி உள்ள முதியவர்களை மாடியில் ஏற்றியதும், செபக்கூடத்தில் பாய் மட்டும் விரித்து நாற்காலிகளை ஐந்தோடு நிறுத்தியதும் கவனக் குறைவு. நான் முன்பு சொன்ன உபதேசியார் ஆராதனை முழுவதும் தூணில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தார். கேட்டதற்கு, உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும் என்றார்.

இதைவிடப் பெரிய குறை நாள் தேர்வு. ஞாயிறு வகுப்பு எடுப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையையே உள்ளடக்கித் தியானம் வைத்தால், அன்று எங்கள் பங்குகளில் வகுப்பு நடத்துவது யார்? எங்கள் பங்கில் அன்று கொட்டகை பூட்டியே கிடந்தது. தவறாமல் வரும் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். வெள்ளி மாலை தொடங்கி சனி இரவு முடித்திருக்கலாம். வீட்டில் சமையலையும் முதியோரையும் ஒப்படைத்துவிட்டு வர வேண்டியிருந்த பெண்களுக்கு எந்த நாளும் எளிதல்ல என்பதும் உண்மை. அவர்களே பெரும்பான்மையாக இருந்த தியானத்தில், அருள்சகோதரியைத் தவிர மேடையில் பேசிய அனைவரும் ஆண்கள். கோயில் வேலைக்குப் போவதை வீட்டில் ஏச்சாகக் கேட்கும் ஒரு பெண் எப்படித் தொடர்ந்து வருகிறாள் என்பதைப் பேச, அறுபது பேரில் நாற்பது பேருக்குத் தெரிந்த அந்தப் பாடத்தைச் சொல்ல, ஒருவரையும் அழைக்கவில்லை.

ஞாயிறு காலைத் திருப்பலிக்கும் இட்லிக்கும் பிறகு, பேருந்தில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குக் கூட்டிச் சென்றார்கள். ஆடிக் காற்று கணவாய் வழியாகச் சீறிக்கொண்டு வந்தது. தொலைவில் முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. பெண்களின் முக்காடுகளும், வழிநடத்துநரின் கையிலிருந்த தாள்களும் பறந்தன. தாள்கள் போனதும் அவர் நினைவிலிருந்து பேசத் தொடங்கினார். எங்களுக்கு அது நல்லதாகப் போயிற்று.

நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்டன், 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் சிறைப்பட்டு, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று இந்த மலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். குருவும் அல்லர், துறவியும் அல்லர். மணமானவர், அரசு அலுவலர். இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் என்பதால், எங்களைப் போன்றோருக்கு அவரைக் காட்டுவது வழக்கம். ஆனால் அவருடைய சாவைக் காட்டி எங்களிடம் துணிவை எதிர்பார்ப்பது எனக்கு எப்போதும் சற்று மிகையாகவே படும். பன்னிரண்டு பெயர்களை நினைவில் வைக்க முடியாதவனிடம் நம்பிக்கைக்காக உயிர்விடும் மறைசாட்சியத்தைப் பேசி என்ன பயன்?

வழிநடத்துநர் அந்தப் பக்கம் போகவில்லை. அவர் பேசியது டிலனாயைப் பற்றி. 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படை அதிகாரி, பின்னர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. உடைமை இழப்புகளால் நொந்துபோயிருந்த நீலகண்டனிடம் அவர், எல்லாவற்றையும் இழந்தும் இறைநம்பிக்கையை விடாத விவிலிய மனிதர் யோபுவின் கதையைச் சொன்னார். அதுதான் தொடக்கம். டிலனாய்க்கு யாரும் அந்தப் பொறுப்பைக் கொடுக்கவில்லை. அவரிடம் பதிவேடும் இல்லை, பாடத்திட்டமும் இல்லை. எதிரே இருந்தவரின் முகம் வாடியிருந்ததைக் கவனித்தார், காரணத்தைக் கேட்டார். வகுப்பில் ஒரே ஒரு மாணவர். நம் மாவட்டத்தின் மறைக்கல்வி ஆசிரியர்களின் பட்டியலில், தான் சேர்க்கப்படுவதை அந்தப் படைத்தளபதி எதிர்பார்த்திருக்கமாட்டார்.

மலையில், புனிதர் முழந்தாளிட்டுச் செபித்தபோது பதிந்த தடங்கள் என்று மக்கள் வணங்கும் குழிகள் பாறையில் இருக்கின்றன. அவர் உயிர் பிரிந்தபோது உடைந்து விழுந்ததாக மரபு சொல்லும் மணியடிச்சான் பாறையும் இருக்கிறது. சிறு கல்லை எடுத்து அதைத் தட்டினால் வெண்கலம்போல் ஒலிக்கிறது. வரிசையில் நின்று நானும் தட்டினேன். எனக்கு முன்னால் நின்ற உபதேசியார் மூன்று முறை தட்டிவிட்டு, ஒலி அடங்கும்வரை காதைப் பாறையில் வைத்துக்கொண்டிருந்தார். ஊரில் காலை ஐந்து மணிக்குக் கோயில் மணியடிப்பது தாம்தான் என்றும், நாற்பத்தொரு ஆண்டுகளாக அடிப்பதாகவும், மணி அடித்து முடிந்த பிறகு கயிற்றில் ஒரு நடுக்கம் இருக்கும், அது நிற்கும்வரை கயிற்றை விடமாட்டேன் என்றும் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான். பிடிச்சிருக்கு" என்றார்.

இனி, இந்தத் தியானத்தை யாருக்குச் சொல்லலாம் என்ற கேள்வி. புதிதாகப் பணிக்கு வருபவர்களுக்கு இது தேவைப்படாது. அவர்களுக்குப் பாடம் நடத்தும் முறைகளைச் சொல்லித்தரும் பயிற்சிதான் தேவை, அது இங்கே இல்லை. 2021 மே 10 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி ஆசிரியர் பணியைத் திருஅவையின் முறையான திருப்பணிகளுள் ஒன்றாக நிறுவிய ஆணையைப் பற்றி நான்கு பக்கக் கையேடு கொடுத்தார்கள். படித்துப் பார்க்கத் தக்கது, ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பங்கில் சண்டை போட்டு மனம் கசந்திருப்பவர்களுக்கும் இது மருந்தாகாது. பல ஆண்டு உழைத்து, எந்தச் சண்டையும் இல்லாமல், காரணம் தெரியாமல் வறண்டுபோனவர்களுக்கு 750 ரூபாய் தகும். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். முதல் அமர்வை எடுத்துவிட்டு அந்த நேரத்தையும் உறக்கத்துக்கே கொடுத்தால் நான்கு கொடுக்கலாம்.

திரும்பி வந்து ஏழு ஞாயிறுகள் ஆகின்றன. வருகை எட்டிலிருந்து பதினொன்றாகியிருக்கிறது. கால்பந்துப் பருவம் முடிந்தது அதற்குக் காரணமாக இருக்கலாம். கடிதம் இன்னும் பதிவேட்டுக்குள்தான் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் பன்னிரண்டில் ஒன்பது இடங்கள் நிரம்பிவிட்டன. மீதி மூன்று பிள்ளைகள் அதிகம் பேசுவதில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கொசுவர்த்தி, போர்வை, கைவிளக்கு ஆகியவற்றை எடுத்துச் செல்லவும். முதியவர்கள் பதிவுசெய்யும்போதே கீழ்த்தள அறை வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். ஆடியில் போனால் காற்றாடிமலையில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள்வது நல்லது. மறைக்கல்வி ஆசிரியர்கள் வருகைப் பதிவேட்டைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். மறந்து வந்த இருவருக்கு, விடுபட்டவர்கள் யார் என்பதைத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் அந்த மாலை முழுவதும் வீணாயிற்று.